வால் கொக்கியும் தலைக் கொக்கியும்: ஆங்கிலத்தில் சேர்த்துப் பேச ஒரு வழிகாட்டி

வேலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். அவர் கடைக்கு வருபவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ சிகிச்சைக்கு வந்து, காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள். ஒருநாள் கொல்கத்தாவிலிருந்து அம்மாவை அழைத்து வந்த ஒருவரிடம், "சாப்பிட்ட பிறகு மாத்திரை" என்று சொல்ல நினைத்து, "ஈட் ஆஃப்டர் டேப்லெட்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் திருப்பிக் கேட்டார்: "டேப்லெட் ஃபர்ஸ்ட்? தென் ஃபுட்?" நல்லவேளை, கேட்டார்.

"மூணு வார்த்தையும் சரிதானே டீச்சர், அப்புறம் ஏன் தலைகீழா புரிஞ்சுது?" என்று தம்பி அன்று மாலை கேட்டார். வார்த்தைகள் சரிதான். இடம்தான் மாறிவிட்டது. தமிழில் 'பிறகு' தனக்கு முன்னால் இருக்கும் 'சாப்பிட்ட' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' தனக்குப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் 'ஈட் ஆஃப்டர் டேப்லெட்' என்றால், மாத்திரைக்குப் பிறகு சாப்பிடு என்றுதான் பொருள்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் மெதுவாக வந்துவிடும். இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்குக்குப் பழகிய பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்கும்போது, ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு மாட்டும் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். வாக்கியங்களுக்கும் அப்படி ஒரு கொக்கி உண்டு. ஆங்கில இலக்கணத்தில் அதற்குக் கன்ஜங்ஷன் என்று பெயர். காட்பாடி ஜங்ஷன் என்கிறோமே, அந்த ஜங்ஷனும் இந்தக் கன்ஜங்ஷனும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். 'சேர்ப்பது' என்பதுதான் அந்த வேரின் பொருள். சென்னை, பெங்களூர் பாதையோடு விழுப்புரம் பாதையும் திருப்பதி பாதையும் சேருவதால் அது ஜங்ஷன். இரண்டு செய்திகளைச் சேர்ப்பதால் இது கன்ஜங்ஷன்.

தமிழில் இந்தக் கொக்கி பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்பதில்லை. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'மழை பெய்ததால் பஸ் லேட்டாக வந்தது' என்பதில் 'பெய்ததால்' என்ற சொல்லின் கடைசித் துண்டுதான் கொக்கி. எனவே ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்வதற்கு முன், உங்கள் மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தில் முதல் வினையின் வால் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள்.

'வந்ததால்' என்று முடிந்தால் 'பிகாஸ்'. 'வந்தால்' என்றால் 'இஃப்'. நடுவில் ஒரே ஒரு 'த' தான் வித்தியாசம், ஆனால் ஒன்று நடந்த காரணம், மற்றொன்று நடக்காத நிபந்தனை. 'வந்தபோது' என்றால் 'வென்', 'வந்தவுடன்' என்றால் 'ஆஸ் சூன் ஆஸ்', 'வருவதற்கு முன்' என்றால் 'பிஃபோர்', 'வந்த பிறகு' என்றால் 'ஆஃப்டர்', 'வரும் வரை' என்றால் 'அன்டில்', 'வராவிட்டால்' என்றால் 'அன்லெஸ்' அல்லது 'இஃப்' கூட 'நாட்'. நம் வட ஆற்காட்டுப் பேச்சில் 'பேசிகினே நடந்தான்' என்கிறோமே, அந்த 'கினே'வுக்கு 'வைல்'. எழுத்துத் தமிழில் அது 'கொண்டே'. என் வகுப்பில் 'கினே என்றால் வைல்' என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் மறக்கவில்லை.

இரண்டாம் படி: வாலிலிருந்து தலைக்கு

கொக்கி எது என்று தெரிந்துவிட்டதா? சரி, இப்போது அதைக் கழற்றி, அது சேர்ந்திருந்த செய்தியின் தலையில் வையுங்கள்.

மழை பெய்தது: 'இட் ரெயின்ட்.' அதன் தலையில் கொக்கி: 'பிகாஸ் இட் ரெயின்ட்.' அடுத்த பெட்டியோடு மாட்டுங்கள்: 'த பஸ் வாஸ் லேட் பிகாஸ் இட் ரெயின்ட்.' பெட்டிகளின் வரிசையை மாற்றியும் சொல்லலாம்: 'பிகாஸ் இட் ரெயின்ட், த பஸ் வாஸ் லேட்.' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எது முன்னால் வந்தாலும் 'பிகாஸ்' மட்டும் 'இட் ரெயின்ட்' என்பதை விட்டுப் பிரியவே கூடாது. கொக்கி உள்ள பகுதி முதலில் வந்தால் அது முடியும் இடத்தில் எழுத்தில் ஒரு கமா போடுங்கள், பேச்சில் ஒரு மூச்சு விடுங்கள்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு முதல் வரிசையைத்தான் நான் சொல்லித் தருவேன். முக்கியமான செய்தி முன்னால், காரணம் பின்னால். கேட்பவருக்கு முதலிலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றாலும் பாதகமில்லை. தமிழில் எப்போதும் காரணம் முன்னால் வந்து பழகியதால் முதல் ஒரு வாரம் தலைகீழாக நடப்பது போல இருக்கும். ஒரு வாரம்தான்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிடலாம். 'பசித்ததால் சாப்பிட்டேன்' என்றால் போதும். ஆங்கிலத்தில் கொக்கிக்கு இரண்டு பக்கமும் ஒரு எழுவாயும் ஒரு வினையும் உட்கார்ந்திருக்க வேண்டும்: 'ஐ ஏட் பிகாஸ் ஐ வாஸ் ஹங்ரி.' 'ஐ' இரண்டு முறை. எழுவாய் என்று எதுவுமே தோன்றாத இடத்தில்கூட, 'லேட்டாகிவிட்டதால் ஆட்டோவில் வந்தோம்' என்பது போல, ஒரு 'இட்' வைத்தாக வேண்டும்: 'வி கேம் பை ஆட்டோ பிகாஸ் இட் வாஸ் லேட்.' பலர் 'பிகாஸ் லேட்' என்று நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவர் புரிந்துகொள்வார்தான். ஆனால் 'இட் வாஸ்' என்ற இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்துவிட்டால் அதுவே முழு வாக்கியம்.

'வந்தால்' எல்லாம் 'இஃப்' இல்லை

மேலே 'வந்தால்' என்பதற்கு 'இஃப்' என்றேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. உடம்பைப் பற்றிப் பேசும்போது நாம் 'நடந்தால் மூச்சு வாங்குகிறது', 'சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது' என்கிறோம். நடப்போமா மாட்டோமா என்ற சந்தேகம் அதில் இல்லை. நடக்கும் ஒவ்வொரு முறையும் என்றுதான் சொல்கிறோம். அங்கே 'வென்' போடுங்கள்: 'வென் ஐ வாக், ஐ கெட் பிரெத்லெஸ்.' 'வென் ஐ ஈட், மை ஸ்டமக் ஹர்ட்ஸ்.' டாக்டர் தமிழ் தெரியாதவராக இருந்தால் இந்த இரண்டு வாக்கியங்கள் பெரிய உதவி.

'வந்தாலும்' என்பதில் இதைவிட நுட்பம் அதிகம். நேற்று மழை பெய்தாலும் மேட்ச் நடந்தது. நாளைக்கு மழை பெய்தாலும் நான் வருவேன். தமிழில் இரண்டிலும் அதே 'பெய்தாலும்'. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. நிஜமாகவே நடந்துவிட்டது என்றால் 'ஆல்தோ' அல்லது 'ஈவன் தோ'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'ஈவன் இஃப்'. 'ஈவன் தோ இட் ரெயின்ட், தே ப்ளேய்ட்.' 'ஐ வில் கம் ஈவன் இஃப் இட் ரெயின்ஸ்.' பாலாற்றை வைத்து நான் ஒரு வாக்கியம் சொல்லித் தருவேன்: 'த பாலார் இஸ் டிரை, ஈவன் தோ த பிரிட்ஜ் இஸ் லாங்.' மழைக்காலத்தில், 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டு ஓடியது போன்ற நாட்களில், அந்த வாக்கியத்தை மாற்றச் சொல்வேன். மாணவர்கள் தாங்களே பார்த்ததைச் சொல்வதால் கொக்கி மனதில் நிற்கிறது.

மூன்றாம் படி: இரண்டு பெட்டிக்கு ஒரு கொக்கி

வேலை கேட்டுப் போகும் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். 'ஆல்தோ ஐ ஹாவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், பட் ஐ கேன் லேர்ன்.' இதில் 'ஆல்தோ'வும் கொக்கி, 'பட்'டும் கொக்கி. ஒன்று போதும். 'ஆல்தோ ஐ ஹாவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், ஐ கேன் லேர்ன்.' அல்லது 'ஐ ஹாவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், பட் ஐ கேன் லேர்ன்.' அதேபோல 'பிகாஸ்' வந்த வாக்கியத்தில் 'ஸோ' வேண்டாம்.

இந்தப் பிழை பேச்சிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். 'ஏன்னா மழை பேஞ்சுது, அதனால பஸ் லேட்டு' என்று பேசும்போது இரண்டையும் போடுகிறோம். ஆனால் எழுத்துத் தமிழில் 'மழை பெய்ததால் பஸ் லேட்' என்று ஒரே கொக்கியோடு அழகாக முடிக்கிறோம் அல்லவா? அந்தத் தமிழ் வாக்கியத்தையே நம்புங்கள். அதில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆங்கிலத்திலும் ஒன்றுதான்.

சின்னக் கொக்கிகள்

'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' நான்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'நார்', 'யெட்', காரணம் சொல்லும் 'ஃபார்' ஆகியவற்றைப் படிக்கும்போது புரிந்துகொண்டால் போதும், பேசுவதற்கு அவசரமில்லை. இந்த நான்கில் 'அண்ட்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'மார்க்கெட்டுக்குப் போய், கத்தரிக்காய் வாங்கி, வீட்டுக்கு வந்தேன்' என்று தமிழில் வினையெச்சங்களை மாலை போலக் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் இறந்தகாலம் கொடுத்து, கடைசி வினைக்கு முன்னால் மட்டும் 'அண்ட்' வையுங்கள்: 'ஐ வென்ட் டு த மார்க்கெட், பாட் பிரிஞ்ஜால்ஸ் அண்ட் கேம் ஹோம்.' செய்தவர் ஒருவரே என்பதால் இங்கே 'ஐ' ஒருமுறை போதும். பேச்சில் 'அண்ட்' முழுதாக ஒலிக்காது, 'அன்' என்று மெல்ல நழுவும். அதைக் காதில் பழக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கொக்கி போலத் தெரியும் பலகைகள்

'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்', 'அதர்வைஸ்', 'மீன்வைல்', 'தென்', 'ஸ்டில்', 'இன்ஸ்டெட்', 'எனிவே'. இவையும் இரண்டு செய்திகளுக்கு நடுவில் வந்து நிற்கும். ஆனால் இவை கொக்கி இல்லை. இலக்கணத்தில் அட்வெர்ப், அதாவது வினையடை. நெடுஞ்சாலையில் 'ராணிப்பேட்டைக்கு இடப்பக்கம்' என்று நிற்கும் பலகையைப் போல, அடுத்து வரும் செய்தி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும். பலகை வழி காட்டும், பெட்டியை இழுக்காது.

இது வெறும் பெயர் வித்தியாசமில்லை. 'ஐ வெய்ட்டட் ஃபார் ஒன் அவர், ஹவ்எவர் த பஸ் டிட் நாட் கம்' என்று கமா மட்டும் போட்டு எழுதினால், மாட்டாத பெட்டிகளை மாட்டியதாக நினைத்து வண்டியை எடுப்பது போல. அங்கே ஒரு முற்றுப்புள்ளி வேண்டும்: 'ஐ வெய்ட்டட் ஃபார் ஒன் அவர். ஹவ்எவர், த பஸ் டிட் நாட் கம்.' முற்றுப்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியும் வைக்கலாம். 'பட்' என்றால் கமாவே போதும், ஏனென்றால் அது கொக்கி.

ஒரு சொல் கொக்கியா பலகையா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. அதை எடுத்து வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ வைத்துப் பாருங்கள். 'த பஸ், ஹவ்எவர், டிட் நாட் கம்.' நன்றாக இருக்கிறது, அதனால் பலகை. 'த பஸ் பட் டிட் நாட் கம்.' உடைந்துவிட்டது, அதனால் கொக்கி. பலகையை எங்கே வேண்டுமானாலும் நடலாம். கொக்கிக்கு ஒரே இடம்தான்.

'தென்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் 'அப்புறம்' ஆங்கிலத்தில் 'தென்' ஆகத்தான் வருகிறது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு முறை வருகிறது. 'தென்' பலகைதான். அதனால் 'ஐ ஏட் அண்ட் தென் ஐ லெஃப்ட்' என்று 'அண்ட்' துணைக்கு வர வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்க வேண்டும். 'அதர்வைஸ்' நம் 'இல்லைன்னா'வுக்கு அச்சாகப் பொருந்தும். அதை உடைத்தால் 'வேறு வழியில்' என்று பொருள்: 'டேக் த 6 ஓ கிளாக் பஸ். அதர்வைஸ், யூ வில் மிஸ் த டிரெயின்.'

'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் கடிதத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. கடையிலும் தெருவிலும் 'பட்', 'ஸோ' சொல்லுங்கள். 'தேர்ஃபோர்' போட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் வீட்டில் 'ஸோ' தான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் அடிக்கடி கேட்கும் இன்னொன்று, கடைசியில் வரும் 'தோ': 'த ரூம் இஸ் ஸ்மால். இட்ஸ் க்ளீன், தோ.' அறை சின்னதுதான், ஆனாலும் சுத்தமாக இருக்கும். லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான வாக்கியம் கிடைக்காது.

நாம் வழுக்கும் மூன்று இடங்கள்

'அவர் வரும்போது சொல்கிறேன்' என்றால் அவர் வருவது எதிர்காலம். அதனால் 'வென் ஹி வில் கம்' என்று வாயில் வருகிறது. 'வென்', 'இஃப்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியவை நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும்போது, அவற்றை அடுத்து 'வில்' வராது. 'ஐ வில் டெல் ஹிம் வென் ஹி கம்ஸ்.' எதிர்காலத்தை அடுத்த பெட்டியில் இருக்கும் 'வில்' சுமந்துகொள்ளும்.

இரண்டாவது, 'அன்டில்' பக்கத்தில் 'நாட்'. 'டாக்டர் வராத வரை காத்திருங்கள்' என்று பேசும் பழக்கத்தில் 'வெய்ட் அன்டில் த டாக்டர் டஸ் நாட் கம்' என்று சொல்லிவிடுகிறோம். 'வெய்ட் அன்டில் த டாக்டர் கம்ஸ்' என்பதே சரி. மூன்றாவது, 'அன்லெஸ்'. அதற்குள்ளேயே 'நாட்' ஒளிந்திருக்கிறது. 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்றால் இரண்டு 'இல்லை' சேர்ந்து பொருளே புரண்டுவிடும். 'அன்லெஸ் யூ பே' என்று சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் 'அன்லெஸ்' பக்கமே போக வேண்டாம், 'இஃப் யூ டோன்ட் பே' என்றால் போதும்.

அப்புறம் அந்த மாத்திரை. 'டேக் த டேப்லெட் ஆஃப்டர் யூ ஈட்' என்பதே சரியான வாக்கியம், தம்பி இப்போது தடங்கலில்லாமல் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான் என்றால், மருந்து, பணம், ரயில் நேரம் போன்ற விஷயங்களில் கொக்கியே போடாதீர்கள். இரண்டாகப் பிரித்து, நடக்கும் வரிசையிலேயே சொல்லுங்கள்: 'ஃபர்ஸ்ட், ஈட். தென் டேக் த டேப்லெட்.' இப்படிச் சொன்னால் வார்த்தைகளின் வரிசையும் செய்ய வேண்டிய வரிசையும் ஒன்றாகிவிடும். சொல்லிவிட்டு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கோட்டைக் கதையைக் கோத்துப் பாருங்கள்

இதுவரை படித்ததைப் பழக, எனக்குத் தெரிந்து வேலூர்க் கோட்டையைவிட நல்ல பாடம் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம்மிடம் கேட்பதும் அதைத்தான். முதலில் கதையைத் தமிழில் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். 1799-இல் திப்பு கொல்லப்பட்டார். அவர் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையில் வைத்தார்கள். 1805-இல் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும். சிப்பாய்கள் அவமானமாக உணர்ந்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் தாக்கினார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் போய்ச் செய்தி சொன்னார். அங்கிருந்து ஆங்கிலேயப் படைத்தலைவர் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அன்றே கோட்டை மறுபடி கைமாறியது.

இப்போது கொக்கியும் பலகையும் போடுவோம். 'ஆஃப்டர் திப்பு வாஸ் கில்ட் இன் 1799, த பிரிட்டிஷ் கெப்ட் ஹிஸ் ஃபேமிலி இன் திஸ் ஃபோர்ட். த சிப்பாய்ஸ் ஃபெல்ட் இன்சல்டட் பிகாஸ் த ஆர்மி சேஞ்ச்ட் தேர் ட்ரெஸ். ஸோ, ஆன் 10 ஜூலை 1806, தே அட்டாக்ட் வைல் த பிரிட்டிஷ் சோல்ஜர்ஸ் வேர் ஸ்லீப்பிங். மீன்வைல், அன் ஆஃபீசர் ரோட் டு ஆர்க்காட். ஆஸ் சூன் ஆஸ் கில்லெஸ்பி ஹெர்ட் த நியூஸ், ஹி ஸ்டார்டட் வித் ஹிஸ் ஹார்ஸ்மென். த சிப்பாய்ஸ் டுக் த ஃபோர்ட், பட் தே லாஸ்ட் இட் த ஸேம் டே.'

ஒவ்வொன்றையும் சொல்லும்போது, இது கொக்கியா பலகையா, எந்தப் பெட்டியின் தலையில் நிற்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். 'மீன்வைல்' மட்டும் பலகை. வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும் 'ஸோ'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. மற்றவை கொக்கிகள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கொக்கி உள்ள வாக்கியங்களில் பெட்டிகளின் வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். 'பட்' வாக்கியம் மட்டும் மாறாது, அது ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பற்றியும் கேட்பார்கள். பல காலம் வழிபாடு இல்லாமல் இருந்தது, லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981-இல் கோயிலுக்குத் திரும்பியது. இதற்கு ஒரே ஒரு கொக்கி போதும், 'நாட்' எங்கே வருகிறது என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்: 'பீப்பிள் டிட் நாட் வர்ஷிப் ஹியர் அன்டில் த லிங்கம் கேம் பேக் இன் 1981.'